பதிமூணு பாட்டுத் தூரம்

— பதிமூணு பாட்டுன்னு சொன்னியேண்ணா. இப்போ பதினேழாவது பாட்டு ஓடுது. ஊரையே காணோம்.

— எல்லாம் சின்னச் சின்னப் பாட்டா வந்து மாட்டுதுடி.

— ஊரு உலகமே தூரத்தைக் கிலோமீட்டர்ல சொல்லுது. நம்ம வீட்டுலதான் பல் டாக்டர் ரெண்டு பாட்டு, அத்தை வீடு முப்பது பாட்டு. பதிமூணு பாட்டுல வந்துடுவேன்னு அவர்கிட்டயும் சொன்னேன். சோகப் பாட்டா, குத்துப் பாட்டான்னு கேட்டாரு.

— மாப்பிள்ளைக்கு விவரம் இருக்கு.

— பதினொரு மணிக்குப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்து. விட்டா அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சுத்தான்.

— பத்து வருஷமா இந்த வண்டியில ரொட்டி சுமக்கிறேன். ஒரு கடையிலயாவது ஆறின ரொட்டி இறக்கியிருக்கேனா? உன்னை மட்டும் லேட்டா இறக்குவேனா?

— கல்யாணத் துணி பூரா பன் வாசனை. அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்னைக் கடிச்சுப் பார்க்கப் போறாரு.

— சிரிக்க வைக்காத. வண்டி ஆடுது.

— அண்ணா, அந்த மஞ்சள் தண்ணித் தொட்டி மறுபடி வந்துச்சு.

— எல்லா ஊர்லயும் தொட்டிக்கு மஞ்சள்தான் அடிக்கிறான்.

— எல்லாத் தொட்டிக்குக் கீழயும் அதே ஆளு சைக்கிளுக்குக் காத்தடிப்பானா? முதல் தடவை முறைச்சான். ரெண்டாம் தடவை யோசிச்சான். இப்போ டாட்டா காட்டுறான்.

— பழகிட்டான்போல.

— அண்ணா.

— சரி, சொல்றேன். இந்தச் சுத்துச் சாலையை விட்டு வலது பக்கம் இறங்கணும். இறங்கிட்டா நாலே பாட்டு, ஊரு வந்துடும்.

— இறங்க வேண்டியதுதானே?

— கை திரும்ப மாட்டேங்குது. நாளைக்கு இந்த சீட்டுல ரொட்டித் தட்டு உக்காந்து வரும். அது பாட்டு மாத்துமா? நான் தப்பாப் பாடினா தலையில தட்டுமா?

— அதுக்காக என் கல்யாணத்தையே சுத்துல விடுவியா?

— தப்புத்தான். இதோ, அந்த வலது பக்கத் திருப்பம் வந்தாச்சு, திருப்பிடுறேன். மணி பத்தே முக்கால். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, பஞ்சர்னு சொல்லு. பழி என் மேல இருக்கட்டும்.

— திருப்பாதண்ணா, நேரா போ. நீ இப்படிச் சுத்துவேன்னு நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டேன். பதினொண்ணுன்னு உனக்கு மட்டும்தான் சொன்னேன். கையெழுத்து ரெண்டு மணிக்கு.