வென்றவருக்கு வேலை இல்லை

ஐப்பசி பிறந்த பின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை. மடவளையிலிருந்து கண்டிக்கு வந்த காலை பஸ்ஸில், என் முன்னிருக்கையில் இருந்த லொறிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“நான் வெண்டுட்டேன், தம்பி. அதால எனக்கு வேல இல்ல.”

மற்றவர் வேறொரு ஊரின் பிரதேச சபையில் எழுதுவினைஞராம். அண்ணனை அழைக்கும் முறையில் கேட்டார்: “என்ன நானா சொல்றீங்க?”

“எங்கட சபையில குப்ப அள்ற டெண்டர இன்னொருத்தனுக்குக் குடுத்தாங்க. பெட்டிய மூடின பொறகுதான் அவன்ட கவர் உள்ளுக்குப் போச்செண்டு முறைப்பாடு வச்சேன். முறைப்பாடு சரியாம்.”

“அப்ப வேலை ஒங்களுக்குத்தானே?”

“இல்லையே! டெண்டரே ரத்தாம். புதுசாக் கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் ஊர் நாறக்கூடாதெண்டு அவனையே அள்ளச் சொல்லீக்கிறாங்க.”

“புதுசுலயும் போடுங்க.”

“என்ட வெலைய எல்லாருக்கும் முன்னுக்கு வாசிச்சாச்சே. இனி எவனும் அதுக்குக் கீழதான் போடுவான். லொறி ஊட்டு வாசல்ல சும்மா நிக்கிது. அதான் இண்டைக்கு இன்னொரு முறைப்பாடு குடுக்கப் போறேன்.”

“எதுக்கு எதிரா? ஜெயிச்சது நீங்கதானே?”

லொறிக்காரர் யோசித்தார். “அப்ப பழைய முறைப்பாட்டத் திருப்பி எடுத்தா?”

“பழைய டெண்டர் திரும்ப வரும்னே வைங்க. அதுல தோத்ததும் நீங்கதானே?”

முறைப்பாடு கொடுக்க வேண்டிய சபைக் கந்தோருக்கு முன்னால் பஸ் நின்றது.

“நானா, எறங்கலையா?”

“பயமா ஈக்கிது, தம்பி. திரும்பவும் எனக்குச் சார்பாவே தீர்ப்புச் சொல்லிட்டாங்கண்டா?”