அப்பா விழுங்கிய இரண்டு மாத்திரைகள்

சாட்சியின் தங்கைக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால், இந்தப் பிரதியில் பெயர்களும் முகவரியும் நீக்கப்பட்டு உறவுமுறை மட்டும் எழுதப்பட்டுள்ளது.

எனக்கு வயது இருபத்து நான்கு. மேற்படி வீட்டின் மாடியில் அப்பா, அம்மா, தங்கையுடன் வசித்து வருகிறேன். கண் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை பார்க்கிறேன். அப்பா மயங்கி விழுந்த விஷயத்தில் தங்கை மீது சந்தேகம் இருப்பதாகவும், தானே மாத்திரையை விழுங்கியதாக அப்பா சொல்வது மகளைக் காப்பாற்றுவதற்காக என்று கருதப்படுவதாகவும் அறிந்து, அப்பாவின் குறிப்பு நோட்டுடன் நானாகவே இன்று காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அப்பாவுக்கு வயது ஐம்பத்தாறு. தேயிலைக் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாகச் சுவை பார்ப்பவராக இருக்கிறார். ஒரு நாளைக்கு இருநூறு கிண்ணம் வரை கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பி, நோட்டில் எழுதுவது அவர் வேலை. வாயில் வைக்காத எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல மாட்டார். “விஷம்னு சொன்னாக்கூட, ஒரு கரண்டி குடு, பாத்துட்டுச் சொல்றேம்பாரு உங்கப்பா” என்று அம்மா கேலி செய்வதுண்டு. தங்கைக்கு வயது பதினாறு. பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை சுமார் ஆறு மணிக்கு, தங்கையின் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்த அம்மா, உள்பையில் ஒரு மாத்திரை அட்டையைக் கண்டார். பத்தில் நான்கு மீதம் இருந்தன. மனப் பதற்றத்துக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தரப்படுவது. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிச் சீட்டு இல்லை. அதன் பிறகு அம்மா தங்கையின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, திங்கட்கிழமையே அவளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டா எப்படிம்மா இருக்கும்?” என்று தங்கையிடம் கேட்டார்.

“கிண்டல் பண்றீங்களாப்பா?”

“இல்லடா. தெரியல, கேக்குறேன்.”

“சொன்னா உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டுத் தங்கை அறைக்குள் போய்விட்டாள். அட்டையை அப்பா தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை அம்மாவுக்கும் தங்கைக்கும் வாய்ச்சண்டை வந்தது. “நீங்கல்லாம் இல்லாமப் போனாத்தான் எனக்கு நிம்மதி” என்று தங்கை கத்தியதைக் கேட்டதாகக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொல்லியிருப்பது சரிதான். நானும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மா காய்கறி வாங்கப் போனார். தங்கை அவள் அறையில் இருந்தாள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு டம்ளர் தண்ணீருடன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். விடுமுறை நாளிலும் அவர் எழுதுவது வழக்கம் என்பதால் நான் கவனிக்கவில்லை. பத்தே முக்கால் மணிக்கு அவர் தலை மேசையில் சாய்ந்தது. நான் கூப்பிட்டும் எழவில்லை. அதன் பிறகு தங்கை ஓடிவந்து, அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். என் கைப்பேசியில் ஆம்புலன்ஸை அழைத்தவளும் அவளே. வந்தவர்களிடம், “நாலு இருந்துச்சு, இப்ப ரெண்டுதான் இருக்கு. என்னோட மாத்திரை. அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, காலைல அந்த மாத்திரையும் போட்டிருக்காரு” என்று சொன்னாள். அவளை யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னாள். இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த நிலை என்றும், உடனே சொன்னதால் நேரம் மிச்சமானது என்றும் மருத்துவர் எங்களிடம் தெரிவித்தார்.

நான் ஒப்படைத்துள்ள நோட்டின் கடைசிப் பக்கம் அப்பாவின் கையெழுத்தில் உள்ளது. தேயிலைக்குப் போடும் கட்டங்களிலேயே எழுதியிருக்கிறார்.

‘9.10. நிறம் வெள்ளை. மணம் இல்லை. கசப்பு, சுண்ணாம்பு போல. துப்பவில்லை.

9.40. ஒன்றும் தெரியவில்லை. சாம்பிள் போதாது. இன்னொன்று.

10.10. முழங்கால் வலி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருடையது போல இருக்கிறது.

10.25. சின்னவளைப் பற்றிய பயம் இரண்டு நாளாக நெஞ்சில் இருந்தது. தேடிப் பார்த்தேன், காணோம். நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவளுக்கு எது காணாமல் போக வேண்டியிருக்கிறது? கேட்க’

அதற்கு மேல் எழுத்து இல்லை. பேனா கோடு பக்கத்தின் விளிம்பு வரை போயிருக்கிறது.

தங்கை மாத்திரை உட்கொள்வது முன்பே தெரியுமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இரண்டு மாதமாகத் தெரியும். “விட்டுடு, இல்லன்னா அப்பாகிட்ட சொல்லிடுவேன்” என்று மூன்று முறை சொன்னேன். அவள் விடவில்லை, நான் சொல்லவும் இல்லை. எங்கிருந்து வாங்குகிறாள் என்று கேட்டேன். ஏன் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் திங்கட்கிழமை மதியம் நினைவு நன்றாகத் திரும்பியது. “பேரன் பேத்தி எடுக்குற வயசுல பண்ற வேலையா இது?” என்று செவிலியர் திட்டியதற்கு, “தப்புதாம்மா. துப்பியிருக்கணும்” என்றார். தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, “எது போகணும்னு இதைப் போட்ட?” என்று கேட்டார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா வாயைத் திறக்க, நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அதன் பிறகு தங்கை, “ரெண்டு இருக்குப்பா. எதை மொதல்ல சொல்ல?” என்றாள்.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாங்கள் மறுபடி உள்ளே போக நாற்பது நிமிடம் ஆனது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் அது இதில் இல்லை.

இதில் உள்ளது நான் கண்டதும், கேட்டதும், என் அப்பாவின் கையெழுத்தில் படித்ததும் மட்டுமே. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சரி என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
அக்கா