பொசிற்றிவ்

இந்த விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை அழைத்தது நல்லது. எனக்கு டொச் மொழி தெரியும். ஆனால் ஒரு சொல்லுக்கு மட்டும் இந்தத் தங்கையின் உதவி வேண்டியிருக்கும்.

பாசல் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தத்தை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் காப்புறுதிக்குப் போகவேண்டிய குறியீட்டு எண்ணைப் பதிவதுதான் என் வேலை. எண் பிழைத்தால், திருத்தும்வரை அறிக்கை மருத்துவரிடம் போகாது. திருத்தினால் பிழை விட்டவரின் பெயர் மேலாளருக்குப் போகும்.

பாலசிங்கம் அண்ணைக்கு வயிற்றுப்புண். அவருடைய கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் எண்ணைப் போட்டுவிட்டேன். முடிவு வந்திருந்தது: எதிர்ப்பு, பொசிற்றிவ். வழக்கமான குளிசைக்கு அந்தக் கிருமி சாகாது என்று பொருள். அந்த மாதம் அது என் மூன்றாவது பிழை. என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பிறகு திருத்தலாம் என்று விட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மருத்துவரின் உதவியாளர் தொலைபேசியில் கேட்டார். இன்னும் முடியவில்லை என்றேன். மருத்துவர் வழக்கமான குளிசையையே எழுதிக் கொடுத்தார். அவரில் குறை சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, என்ர சோதனை உங்கட இடத்திலதானே? பொசிற்றிவோ?"

"ஓம் அண்ணை, பொசிற்றிவ்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். "கமலா, பொசிற்றிவாம். இனிப் பயமில்லை."

எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அன்றே திருத்தியிருக்கலாம். ஆனால் ஏன் இத்தனை நாள் நின்றது என்று கேட்பார்களே. பிழை விட்ட பதினாறாம் நாள் கமலாவதி அக்கா தொலைபேசி எடுத்தார்.

"குளிசை போட்டும் இவருக்கு வயித்து நோ குறையேல்லை பிள்ளை. திரும்ப டொக்டரிட்டப் போகவோ?"

"முதல்ல குளிசையை முடியுங்கோ அக்கா."

இருபதாம் நாள் அண்ணை டிராமில் இரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. செத்தவீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தது நான்தான். உண்மையாகவே அழுதேன்.

நான் பொய் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். தங்கை, இப்போது அந்தச் சொல்லை இந்த அதிகாரிக்கு விளக்குங்கள். அகதி வழக்கை ஏற்றுக்கொண்டு சுவிஸ் அரசு அனுப்பும் கடிதத்தைத்தான் எங்கள் ஆட்கள் பொசிற்றிவ் என்பார்கள். பதினொரு வருடம் காத்திருந்த அண்ணைக்கு அந்தச் சொல்லில் வேறு பொருளே கிடையாது. அந்தக் கடிதம் வந்த அன்று அவர் வீட்டில் கேக் வெட்டினோம். எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

கோயிலில் ஓம் என்று சொன்னபோது அந்தக் கேக் எனக்கு நினைவுக்கு வந்தது.