உப்புக் கை

காபி விளையும் இந்த மலையில், மனைவிக்குக் காலைக் காபி போட்டுக் கொடுக்கும் கணவர்கள் மிகக் குறைவு. அவர்களில் நானும் ஒருவன் என்பதை உங்கள் விசாரணைக் குறிப்பில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு நல்ல விஷயமாவது தெரிந்துகொண்டு இறங்க வேண்டாமா?

ஆய்வுக்கூடத்தை ஏற்காட்டில் ஏன் வைத்தார்கள் என்று கேட்டீர்கள். நிறுவனரின் மனைவிக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் விஞ்ஞானமும் மலை ஏறியது. நானும் என் மனைவி கலாவதியும் 1984இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். கருவியைப் பராமரிப்பது என் வேலை, அதை வைத்து ஆராய்ச்சி செய்வது அவள் வேலை. இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் என்னிடம் மட்டும் வந்து ஆறுதல் சொன்னார்கள்.

சுத்தமான வெள்ளித் தகட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் வைத்து, வேகமான அயனிகளால் அடித்தால், வெள்ளி அணுக்கள் இரண்டும் மூன்றும் பத்துமாகக் கொத்துக் கொத்தாகத் தெறிக்கும். கருவி அவற்றை எடை பார்த்து, தாளில் முகடுகளாக வரையும். சிதறாமல் தாக்குப்பிடிக்கும் கொத்தின் முகடு உயரும். மூன்று, ஒன்பது, இருபத்தொன்று என்ற எண்கள் உயர்ந்து நின்றன. அவற்றுக்கு அடுத்த எண்கள் சட்டென்று பள்ளத்தில் விழுந்தன. இது வெளிநாட்டில் முன்பே தெரிந்ததுதான். ஒவ்வொரு கொத்தும் எவ்வளவு நேரம் தாங்கி, எப்போது ஓர் அணுவை உதிர்க்கிறது என்று கலாவதி அளந்தாள். அதுதான் புதுசு.

86 ஜூனில் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதே அளவுகளை மார்ச்சுக்குள் இன்னொரு முறை எடுத்துக் காட்டினால், மூன்று வருடம் அங்கே ஆராய்ச்சி செய்யலாம். அவள் மட்டும். கருவியைத் துடைப்பவனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பெங்களூர்க்காரர்கள் சிக்கனமானவர்கள்.

நான், அவள், எங்கள் இரண்டு வயது மகள். மொத்தம் மூன்று பேர். மூன்று உறுதியான எண் என்பது அவளே வரைந்து காட்டியதுதானே?

அடுத்த தாளில் ஒவ்வொரு வெள்ளி முகட்டுக்கும் பக்கத்தில், இருபத்து மூன்று அலகு எடை தள்ளி, ஒரு குட்டி முகடு முளைத்தது. சோடியம். அதாவது உப்பு. அந்த நெரிசலில் அவள் அளவுகள் எல்லாம் குழம்பிப்போயின. உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். கை வியர்வையாக இருக்கலாம் என்று பக்குவமாகச் சொன்னேன். அது பொய்யில்லை. யார் கை என்று அவள் கேட்கவில்லை.

ஏற்காட்டுக் குளிரில் யாருக்கு வியர்க்கிறது என்று யோசித்திருக்கலாம். கலாவதி தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நன்றாகப் படித்த பெண்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

கையுறை போட்டாள். உப்பு வந்தது. இரண்டு கையுறை போட்டாள். அப்போதும் வந்தது. சோப்பு, ஸ்பிரிட், அசிட்டோன் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவினாள். தீபாவளிக்குள் விரல் இடுக்குகளில் தோல் வெடித்துவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்தக் கைகளை மடியில் வைத்துக் களிம்பு தடவிவிட்டது நான்தான். இதை எங்கள் பம்புக்காரன் செங்கோடன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஒருநாள் களிம்பு தடவும்போது கேட்டாள்: "ஏனுங்க, எங் கை உப்புக் கையா? பாப்பாவத் தொடவே எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க."

எதற்கும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதான் என்றேன். அதன்பின் குழந்தையைக் கையுறையோடுதான் தூக்கினாள். "அம்மா, கையைக் கழட்டும்மா" என்று மகள் அந்த ரப்பர் விரல்களைப் பிடித்து இழுப்பாள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

மார்ச்சில் பெங்களூர் இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஏப்ரலில்தான் செங்கோடன் பார்த்தான். கரடியூரிலிருந்து நடந்தே வந்து எங்கள் வெற்றிடப் பம்புகளைக் கவனிப்பவன். அன்று ஏனோ சீக்கிரம் வந்துவிட்டான். "ஏனுங்க சார், அம்மா தொடச்சு வெச்சுட்டு ஊட்டுக்குப் போன தகட்டுல நீங்க எதுக்குங்க கட்டைவிரல வெச்சு அழுத்தறீங்க?" என்று கேட்டான். இவ்வளவு கூர்மையான பார்வை பம்புக்கு எதற்கு?

ஆம், ஐயா. வாரத்துக்கு மூன்று தகடு வீதம் பத்து மாதம். என் வலது கட்டைவிரல். மார்ச் முடிந்த பிறகும் ஏன் தொடர்ந்தேன் என்று கேட்கிறீர்கள். திடீரென்று உப்பு நின்றுபோனால், பெங்களூரை வீணாக விட்டுவிட்டோமே என்று அவள் மனம் உடைந்துபோகாதா? கட்டியவன் அதையும் யோசிக்க வேண்டாமா?

செங்கோடன் மூலம் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நேற்று நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். அழவில்லை.

"என்னையத் தேத்தறதுக்காக உங்க பேரக் கெடுத்துக்காதீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? எங் கைதானுங்க சரியில்ல" என்றாள். பிறகு கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.

என் தரப்புச் சாட்சியாக அவளையே அழையுங்கள். அவள் என்னை எவ்வளவு நம்புகிறாள் என்று பார்த்தால், நான் எதைக் காப்பாற்றினேன் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.