சகலை மிஷினைவிடப் பெருசா ஒண்ணு

ஹலோ... ஹலோ, பிரின்டிங் மிஷின் கம்பெனிதானே... ஆமா ஆமா, நான்தான் தம்பி, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல பேனர் கடை... இல்லல்ல, பழசு நல்லாத்தான் ஓடுது. எனக்குப் புது மிஷின் வேணும்.

இருங்க, மனப்பாடம் பண்ணதை ஒப்பிக்காதீங்க. கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. பின்தெருவுல ஒரு கடைக்குப் போன மாசம் இறக்குனீங்களே... அதான், நாத்தமில்லாத தண்ணி இங்க் மிஷின். வாசல்ல பச்சை இலை படம்லாம் போட்டு... அவர் யாருன்னு நினைச்சீங்க? என் சகலை. என் மச்சினி புருஷன்... ம்ம்... தங்கமான மனுஷன்தான், யாரு இல்லன்னா.

அவருக்கு எத்தனை அடி அகலம் குடுத்தீங்க... அஞ்சா. அப்ப எனக்குப் பத்தடி போடுங்க.

...என்ன வேலைக்குன்னா? எல்லா வேலைக்கும்தான்... அடிச்சிருக்கேனே பத்தடி அகலத்துல, ஒட்டுப் போட்டு... ஒரு தடவை... மூணு வருஷம் இருக்கும். அதுக்கென்ன இப்ப... கடைக்குள்ள நுழையாதா? சுவரை இடிச்சிடுறேன்... தம்பி, வாங்குறவன் நான். சைஸை நான் சொல்றேன்.

...ஆமாய்யா, வயித்தெரிச்சல்தான். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நேத்து வரைக்கும் போட்டோவுக்கு ஃப்ரேம் மாட்டிக்கிட்டிருந்த ஆளு. பிளெக்ஸ் ரோலை எந்தப் பக்கம் போடணும்னு என்னைக் கேட்டுக்கிட்டுப் போனவரு. இப்ப ஆஸ்பத்திரி வேலை அங்க, பள்ளிக்கூட வேலை அங்க. பள்ளிக்கூடம் என்கிட்ட இருந்ததுங்க.

...ஏன் போச்சுன்னா... அது... வெளிய சொல்லிடாதீங்க. வகுப்பறைச் சுவர் பூரா ஒட்டுற படம். நம்ம இங்க்ல அடிச்சா நாத்தம் போக ஒரு நாள் முழுக்கக் காத்தாட விடணும், உங்களுக்குத் தெரியாததா. அன்னைக்கே குடுன்னு தலைமேல நின்னாங்க. நான் ரூம் ஸ்ப்ரே அடிச்சுக் குடுத்துட்டேன்... சிரிக்காதீங்க... ரோஜா வாசனை... ஒரு டப்பா பூரா. ரெண்டு பிள்ளைங்க வாந்தி. மறுநாளே பிச்செடுத்து, சுருட்டி, என் வாசல்ல வச்சுட்டுப் போயிட்டாங்க.

போகுது விடுங்க, பள்ளிக்கூடம் போனா இன்னொரு பள்ளிக்கூடம். ஆனா என் சம்சாரமும் இப்ப சகலை கடையிலதான் உக்காந்திருக்கா... ஆமா, டிசைன் போடுறவ அவதான், பன்னெண்டு வருஷமா. தங்கச்சிக்கு ரெண்டு நாள் ஒத்தாசைன்னு போனா, மூணு வாரம் ஆச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வரா, சிரிச்ச முகமா வரா. இருமலே இல்ல... அட, வருஷக்கணக்கா இருமுறா தம்பி. இந்த நாத்தம்தான் நமக்குச் சோறு போடுதுன்னு நான் பேசுவேன். அங்க போனதும் நின்னுடுச்சு. கட்டினவனுக்குச் சந்தோஷம்தானே வரணும்? வரல. அந்தாளு கடையில போயா நிக்கணும்னு பத்திக்கிட்டு எரியுது.

...ம்... ம்... சூடு வச்சுக் காயவைக்குமா. அப்ப கரன்ட் கூட இழுக்கும்னு சொல்லுங்க... அடிச்ச அன்னைக்கே ஒட்டலாம்... சரி சரி. பருத்தித் துணியிலயும் அடிக்குமா? பிளாஸ்டிக் பிளெக்ஸ்லயே அடிச்சுட்டுப் பச்சை இலை போட்டா அது ஊரை ஏமாத்துறதுன்னு சொல்றீங்க... நல்லாச் சொன்னீங்க, சகலைகிட்டயும் சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு, வியாபாரத்துக்காகச் சொல்லாதீங்க. நாள் பூரா பக்கத்துல உக்காந்தா இருமல் வராதுல்ல?... ம்... காத்தோட்டம் இதுக்கும் வேணும்... வச்சுடலாம், அது பெரிய விஷயமில்ல.

...ஆக, என் வேலைக்கு அஞ்சடியே தாராளம்கிறீங்க. அதே மிஷினு. ஐயோ தம்பி, சகலையைப் பாத்து இவன் காப்பியடிச்சான்னு ஊரே பேசும். அந்தாளு பொறுக்கி எடுத்ததை நான் போயி...

என்ன... திரும்பச் சொல்லுங்க... அவரு பொறுக்கி எடுக்கலையா. பின்ன... ஒரு அக்காவா. எந்த அக்கா?

...எப்ப வந்தா... போன வருஷமேவா. தனியாவா... மூணு தடவை... இருமிக்கிட்டே.

...ஆமா, அவ கேப்பா, ஒண்ணு விடாமக் கேப்பா. இங்க் எதுல செஞ்சது, காலி டப்பாவைத் திரும்ப எடுப்பீங்களான்னு... கொட்டேஷன் எந்தக் கடை பேருக்குப் போட்டீங்க?

...எங்க கடைக்கா.

...இல்ல, சொல்லாம இல்ல தம்பி. சொன்னா. ஒரு காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. நான் மிஷினை ஓட்டிக்கிட்டே, அப்புறம் பாக்கலாம் போன்னேன். அந்த அப்புறம் வரவே இல்ல... ஓ. அதுக்குப் பிறகுதான் தங்கச்சிகிட்டக் குடுத்தாளாமா.

...ஆர்டரா? இப்பப் போடாதீங்க. அவளைக் கேக்கணும்... போன்ல வேணாம், அங்கயே போறேன்... ஆமா, சகலை கடைக்குத்தான், அவரு முன்னாடியேதான் கேக்கணும்... நம்ம கடைக்குத் திரும்பி வருவாளான்னு தெரியல தம்பி. வைக்கிறேன்.