ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு நல்ல சேதி

— அவ நல்லா இருக்கறான்னா அதை ஏனுங்க இத்தனை சந்தோசமாச் சொல்றீங்க?

— ஏப்பா ஆறுச்சாமி, உனக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்துருக்குது. அதை அழுதுக்கிட்டா சொல்லுவாங்க? தாயும் புள்ளையும் சவுக்கியம். வண்டிய எடு, கல்கத்தா போய் லோடை எறக்கு, வந்து சேரு.

— கிளார்க்கய்யா, காத்தால புக் பண்ணுன டிரங்க் காலுங்க இது. இந்தப் பெஜவாடாப் பார்சல் ஆபீஸ்ல காத்துக் கெடந்து இப்பத்தான் லைன் கெடச்சுது. உண்மையச் சொல்லிப்போடுங்க. ராமாத்தாளுக்கு என்னாச்சு?

— ஒண்ணும் ஆகலையப்பா! ராத்திரி ஆசுபத்திரியில சேத்தாங்க, பொறந்துருச்சு, முடிஞ்சுது.

— அவளுக்கு முதல் ரெண்டும் தங்குலீங்க. இந்தத் தடவை கால் வீங்கிப் போயிருந்துச்சு. லேடி டாக்டர் ஒதட்டைப் பிதுக்குனாங்க. அதுக்குள்ள முடிஞ்சுதுன்னு இத்தனை லேசாச் சொல்றீங்க.

— நடந்ததைத்தானப்பா சொல்றேன்.

— நம்ம டிரைவர் வீரனுக்கும் இப்பிடித்தானுங்க சொன்னீங்க. நாக்பூர்லருந்து அவன் கேட்டப்ப, அம்மா ராகி திரிக்கப் போயிருக்குதுன்னீங்க. பய சிரிச்சுக்கிட்டே வந்து எறங்குனான். தம்பி மொட்டைத் தலையோட ஷெட்டுக்கு வந்து நின்னதைப் பாத்துத்தான் அம்மா செத்ததே தெரிஞ்சுது.

— அது வேற.

— வேற இல்லீங்க. நம்ம லாரி ஆபீஸ் வழக்கமே அதுதானுங்களே. ஸ்டியரிங் புடிக்கறவன் காதுக்கு எழவு சேதி போகப்படாது.

— அந்த வழக்கம் ஏன் வந்துதுன்னு உனக்குத் தெரியாதா? மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஒத்தை வண்டிய வெச்சு முதலாளி கம்பெனி தொடங்குன காலத்துலருந்து இருக்கறவன் நீ. கருப்புசாமிக்கு அப்பன் செத்ததை ஓமலூர்ல வண்டிய நிறுத்திச் சொன்னது நான்தான். தொப்பூர்க் கணவாயில வண்டியோட போயிட்டான். ஒரு ஊட்ல ரெண்டு பொணம். அன்னிக்குத்தான் முதலாளி இப்பிடி ஒரு சட்டம் போட்டாரு.

— தெரியுமுங்க. நீங்க கெட்ட எண்ணத்துல மறைக்கறீங்கன்னு நான் சொல்லுல. ஆனா உங்க வாயிலருந்து நல்ல சேதின்னு வந்தாலே எனக்கு நம்ப முடியலீங்க. பொய்யும் அதே மாதிரி இருக்குது, நெசமும் அதே மாதிரி இருக்குது. நான் எதை வெச்சுப் பிரிச்சுப் பாக்கறது?

— சத்தியமாச் சொல்றேன். சென்னிமலை முருகன் மேல ஆணையா.

— வீரனுக்கும் சென்னிமலைதானுங்க.

— அடக் கடவுளே! அன்னிக்கு அப்பிடி ஒரு நெலமை. முருகன் பொறுத்துக்குவாருன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு உண்மைக்கே அவரைக் கூப்புடறேன், நம்ப மாட்டேங்கறே. நான் என்னதாண்டா செய்யறது?

— நீங்க போய்ப் பாத்தீங்களா?

— நான் எங்க போறது? ஆபீசை யாரு பாக்கறது? முதலாளி ஈஸ்வரமூர்த்தியே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு. பையன் நல்ல எடைன்னாரு. ராமாத்தாள் கஞ்சி குடிச்சாள்ன்னாரு. ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் ஆரஞ்சு மிட்டாய் குடுத்தாரு. என்ற சட்டைச் சோப்புல இன்னும் ரெண்டு கெடக்குது.

— முதலாளியே போனாருங்களா? டிரைவர் பொண்டாட்டி பெத்ததுக்கு முதலாளி ஏனுங்க ஆசுபத்திரிக்குப் போகோணும்?

— போனாலும் குத்தமா? போகலீன்னா மட்டும் என்ன சொல்லியிருப்பே? ஆபரேட்டரம்மா, கட் பண்ணாதீங்க, இன்னொரு மூணு நிமிசம் போட்டுக்குங்க. இருப்பா, வெக்காதே. அட, உன்ற கொழுந்தியாளே வாசல்ல வந்து நிக்கறா. இந்தா, அவளையே கேளு. சாமியாத்தா, உள்ளார வா. பயப்படாதே, இந்தக் கறுப்புக் குழாயைக் காதுல வெச்சு, இந்தப் பக்கம் பேசு. உங்க மச்சான்.

— மச்சான்...

— சாமியாத்தா, அக்கா எப்பிடிக் கண்ணு இருக்குது?

— கொழந்தை உங்க மாதிரியேங்க மச்சான். நெத்தி, காது, எல்லாம். காது மடல் கூட உங்களுதுங்க.

— அக்காளைக் கேட்டேன் கண்ணு.

— நேரத்துக்குச் சாப்புடுங்க மச்சான். மச்சான், வந்துருங்க. எப்பிடியாச்சும் வந்துருங்க.

— குடும்மா இங்க. ஆறுச்சாமி, போன்ல பேசிப் பழக்கமில்ல அவளுக்கு.

— அழுகறாளுங்க.

— பொம்பளைங்க நல்லதுக்கும் அழுவாங்கப்பா. மூணாவது கொழந்தையாச்சும் நின்னுதேன்னு அழுகறா.

— வந்துருங்கன்னு சொன்னாளுங்களே.

— அப்ப வா!

— என்னங்க?

— வான்னு சொல்றேன். வண்டிச் சாவிய அந்தப் பார்சல் ஆபீஸ்ல குடு. அடுத்த மெட்ராஸ் ரயில்ல ஏறு. லோடு கெடக்கட்டும். பனியன் பொதிதானே, அழுகியா போகுது? கல்கத்தாச் சேட்டு கத்துனாக் கத்தட்டும். முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். என்ற வேலை போனாப் போகட்டும். உன்ற கண்ணால வந்து பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. வேற வழி எனக்குத் தெரியலைப்பா. ஏப்பா? லைன்ல இருக்கறயா?

— இருக்கறனுங்க.

— அது என்னப்பா சத்தம்?

— சிரிப்பு வந்துருச்சுங்க கிளார்க்கய்யா. நான் ஒரு கிறுக்கன். உங்களைப் போட்டு இத்தனை பாடு படுத்திட்டேன்.

— அப்பிடின்னா?

— வீரனை நீங்க வாடான்னு சொல்லலீங்களே. மறைக்கறவிய வராதேன்னுதானுங்க சொல்லுவாங்க. வேலையே போனாலும் வந்து பாருன்னு சொல்றீங்கன்னா, அங்க பாக்கறதுக்கு அவ இருக்கறா. போதுமுங்க. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

— அப்பாடா! இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமாட்ட இருக்குது. அப்ப, கெளம்பறயா?

— இல்லீங்க, எதுக்கு? நான் வண்டிய நடுவழியில உட்டுட்டு வந்தா ராமாத்தாளே ஏசுவா. லோடை எறக்கிட்டே வர்றனுங்க. அவகிட்டச் சொல்லுங்க, கல்கத்தாச் சங்கு வளையல் வாங்கியாறேன்னு. பையனுக்குப் பேரு நான் வந்துதான் வெக்கோணும். அதுவரைக்கும் யாரும் வாயைத் தொறக்கப்படாது.

— சொல்லிடறேன், சொல்லிடறேன். பாத்து ஓட்டப்பா. சந்தோசத்துல வண்டிய வெரட்டிக்கிட்டுப் போகாதே.

— நம்ம வண்டி மயிலைக் காளையாட்ட, என்ற சொல்லைத் தட்டாதுங்க. வெச்சர்றனுங்க.

— வெச்சுட்டான். சாமியாத்தா, பாத்தியா, நம்பிட்டான்! எந்தப் பொய்யும் இந்த உண்மை மாதிரி இத்தனை பாடு படுத்துனதில்ல என்னை. உட்காரு, சோப்புல மிட்டாய் இருக்குது, இந்தா. ஏம்மா, இன்னும் அழுகறே?

— இன்னொருக்கா போன் போட முடியாதுங்களா?

— இன்னொரு கால் எப்பக் கெடைக்குமோ. இந்நேரம் கல்கத்தா ரோட்டுல ஏறியிருப்பான். எதுக்கும்மா?

— நீங்க வாடான்னு சொன்னதும் வந்துருவாருன்னு நெனச்சனுங்க. அதான் வாயை மூடிட்டு நின்னேன். நான் சொல்லாமயே வந்துருவாரு, பாத்துருவாருன்னு.

— வரட்டுமே மெதுவா. அக்கா எங்க போயிரப் போறா?

— அக்கா விடியாலயே போயிருச்சுங்க. மச்சான் வர்ற வரைக்கும் எடுக்காம வெச்சிருக்கலாமான்னு முதலாளியைக் கேக்கத்தானுங்க வந்தேன்.

— என்னம்மா சொல்றே? அவரு... கஞ்சி குடிச்சாள்ன்னாரே. மிட்டாய் குடுத்தாரே.

— அவருதானுங்க அக்காளுக்குக் கண்ணை மூடி உட்டாரு. உங்ககிட்ட மூச்சு உடப்படாதுன்னு எனக்குச் சொன்னாருங்க. கிளார்க் சிவசுப்பிரமணியத்துக்குத் தெரியாம இருந்தாத்தான் ஆறுச்சாமி நம்புவான்னு.