நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் மரக்கட்டையின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அங்கேயே ஏமாந்துவிடுகிறார்கள். கட்டையா சுடுகிறது? நான் குழலின் வாயைத்தான் பார்ப்பேன். காது குடைகிற பஞ்சுக்குச்சியை அந்த விளிம்பில் மெதுவாக ஒரு சுற்று ஓட்ட வேண்டும். இழை எங்காவது மாட்டினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஐம்பது மீட்டர் தாண்டுவதற்குள் குண்டு தன் இஷ்டத்துக்குப் போய்விடும். விற்கிறவன் எது சொன்னாலும் நம்பக் கூடாது. பஞ்சு பொய் சொல்லாது.

தலைவரே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் முப்பது வருடமாக நம் துப்பாக்கி சுடும் கழகத்தில் என்னைக் கேட்காமல் யாரும் சின்னக் குண்டுத் துப்பாக்கி வாங்கியதில்லை. இந்த ஹின்னெர்க் தேர்ந்தது மோசம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

என் சிநேகிதன் ஃபோல்க்மார் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். அவனிடம் இருந்தது அறுநூறு யூரோ. அதற்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஊல்ட்சனில் பழைய துப்பாக்கி விற்கும் கடைக்கு அவனையும் அவன் மகள் வீப்கேயையும் கூட்டிப்போனேன். பதினோரு துப்பாக்கியைத் தள்ளிவிட்டேன். பன்னிரண்டாவதன் கட்டை நாய் கடித்ததுபோல இருந்தது. பஞ்சு மாட்டவில்லை. ஐந்து வகைக் குண்டு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு வகைக் குண்டுதான் பிடிக்கும். இதற்குப் பிடித்தது இருப்பதிலேயே மலிவானது. அதில் ஐந்து சுட்டேன்; ஐந்தும் விழுந்த இடத்தை ஒரு சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம்.

"வேற எவனாச்சும்னா என் தலையில துப்பாக்கின்னு ஒரு கழியைக் கட்டியிருப்பான்டா," என்றான் ஃபோல்க்மார்.

போட்டியில் எதிரே நிற்கப்போகிறவனுக்கு வேண்டுமென்றே மோசமானதைத் தேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னால் முடியாது. அது என் பெயர்ப் பிரச்சினை.

அந்த இலையுதிர் காலப் போட்டியில் அவன் என்னை நாலு புள்ளியில் தோற்கடித்தான். பதினான்கு வருடமாகக் கழகச் சுவரில் ஜெயித்தவன் பெயர் வெட்டும் பித்தளைத் தகடுகளில் என் பெயர்தான். பீர் மேசையில் எல்லோர் எதிரிலும் சொன்னான்: "கிழவா, உன் பேரையே வெட்டி வெட்டி தகட்டுக்காரன் சலிச்சுப்போயிட்டானாம். இந்த வருசம் அவனுக்கு ஒரு மாறுதல்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சியின்போது துப்பாக்கியை என்னிடம் விட்டுவிட்டு பிளம் கேக் வாங்கப் போனான். என் பையில் ஊசி அரம் எப்போதும் இருக்கும். விளிம்பில் இரண்டு இழுப்பு. எனக்கும் ஒரு துண்டு வாங்கி வந்தான், க்ரீம் போட்டு. சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் குண்டுகள் சிதறின. "துப்பாக்கில ஏதோ கோளாறுடா, நீயே பார்த்துச் சொல்லு," என்று கொடுத்தான். என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கோளாறு என்று சொன்னால் நான் தேர்ந்தது கோளாறு என்றாகிவிடும். இரண்டு நாள் வைத்திருந்து, எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. கையை நீட்டு பார்ப்போம்."

நீட்டினான். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எவன் கையும் கொஞ்சம் ஆடும்.

"லேசா ஆடுதேடா," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அவன் வேறு யாரிடமும் காட்டவில்லை. நான் பார்த்த பிறகு எதற்கு? கண் மருத்துவர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் தலைக்குள்ளோ என்று இன்னும் பயந்துபோனான். தலையைப் படம் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. கிறிஸ்துமசுக்கு முன்பே பேருந்தை விட்டுவிட்டான். "நாப்பது பிள்ளைங்கடா. இந்தக் கையை நம்பி எப்படி ஓட்டுவேன்?" வசந்தத்தில் வீப்கேவுக்குப் பெண் பிறந்தது. கீழே போட்டுவிடுவேன் என்று அவன் தூக்கவே இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்ப்பான். ஒவ்வொரு வியாழனும் போய்த் தேறுதல் சொன்னவன் நான்தான். கழகத்தில் வேறு யார் போனார்கள்?

போன நவம்பரில் செத்துப்போனான். இதயம் என்றுதான் மருத்துவர் எழுதினார்.

துப்பாக்கியை விற்க எடுத்த வீப்கே, அன்று கடையில் நான் செய்ததைப் பார்த்திருந்ததால், விளிம்பில் பஞ்சை ஓட்டியிருக்கிறாள். இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தக் குச்சியை என் மேசைமேல் வைத்தாள். 

"அப்பா என் பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கல, மாமா."

ஆமாம், நான்தான் செய்தேன். அரம் என்னுடையது. ஆனால் கடைக்காரர் குழல்வாயைச் சீராக வெட்டிய பிறகு அதே துப்பாக்கி மறுபடி ஒரு சென்ட் நாணயத்துக்குள் சுட்டதாம். என் தேர்வு தப்பில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. பிப்ரவரியிலிருந்து என் குண்டுகள் சிதறுகின்றன. பஞ்சை ஓட்டினேன், மாட்டவில்லை. இந்தக் காலத்துப் பஞ்சை நம்ப முடியாது. என் துப்பாக்கியை யாரோ தொட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அது யார் என்று கழகம் விசாரிக்க வேண்டும். கீழே என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு உங்கள் பேனாதான் காரணம்.